திரைக்குப் பின்னால் பதினேழாம் எண்

போன வாரம் அண்ணி போனைப் பட்டென்று வைத்த சத்தம், இன்னும் தலைவியின் காதை விட்டுப் போகவில்லை. பின்னே, சும்மாவா? கூடப்பிறந்த அண்ணனின் மகனுக்குச் சங்கத்தில் ஒரு இடம் கேட்டால், "எல்லாரையும் மாதிரி வரிசையில வரச் சொல்லுங்க அண்ணி" என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொன்னவள் இவள். அந்த வரிசைக்கான நாள்தான் இன்று.

டப்பிங் கலைஞர்கள் சங்கத்துக்கு அவள் தலைவியாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. வந்ததும் வராததுமாக அவள் கை வைத்தது வாரிசு இடங்களில். அதுவரை உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குச் சங்கத்தின் கதவு தானாகத் திறக்கும். வெளியாட்கள் வாசலில் நின்றே நரைத்துப் போவார்கள். அவள் அதை எடுத்துவிட்டு ஒரு திரையைக் கொண்டுவந்தாள். பேசுகிறவர் திரைக்கு அந்தப் பக்கம், கேட்கிற ஐந்து பேர் இந்தப் பக்கம். பெயர் கிடையாது, முகம் கிடையாது, வெறும் எண்தான்.

பொதுக்குழுவில் அதை எதிர்த்து முதலில் எழுந்து நின்றவர் அவளுடைய அண்ணனேதான். முப்பது வருஷம் கதாநாயகர்களுக்குக் குரல் கொடுத்த மனிதர். ஸ்டுடியோக்களில் அவரை இடி என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூட யூனிஃபார்மோடு இவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் மைக் முன்னால் நிறுத்தி, கூட்டத்தில் கத்துகிற பிள்ளைக் குரலாக முதல் வாய்ப்பு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

"பாப்பா, உனக்கு நான் கதவைத் திறந்தப்போ எந்தத் திரையும் இல்ல" என்று சபையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அதுதான் அவர் அவளிடம் கடைசியாகப் பேசியது. கோபத்தால் மட்டுமல்ல. அடுத்த மாதமே தொண்டையில் கட்டி என்றார்கள். உயிர் பிழைக்கக் குரல்வளையையே எடுக்க வேண்டியதாயிற்று. அன்றோடு இடி அடங்கிவிட்டது.

காலையில் அவள் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அண்ணியே கூப்பிட்டாள்.

"பாப்பா, போன வாரம் ஏதோ வேகத்துல வெச்சுட்டேன். மனசுல வெச்சுக்காதே."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி."

"அவன் இன்னிக்கு வரான். எத்தனாவது எண்ணுன்னு என்கிட்டகூடச் சொல்லல, அழுத்தக்காரன். ஆனா ரூமைச் சாத்திக்கிட்டு..." அண்ணியின் குரல் இறங்கியது. "உங்க அண்ணன் மாதிரியே பேசிப் பார்க்கிறான். வெளியில நின்னு கேட்டேன். நீ கேட்டா உனக்கும் தெரிஞ்சிடும். தெரிஞ்சா..."

"தெரிஞ்சா நான் எழுந்து வெளியே போயிடணும் அண்ணி. வேண்டியவங்க குரல்னு தெரிஞ்சா அங்க உட்காரக் கூடாது. எனக்குப் பதிலா வேற ஒருத்தர் உட்காருவார். அதான் விதி."

"ஆமா, விதி! எல்லா விதியையும் நீயே போட்டுக்கோ." அண்ணி மூக்கை உறிஞ்சினாள். "மனுஷன் பிடிச்சு வெச்ச மாதிரி உட்கார்ந்திருக்கார். அவருக்கு இனிமே இருக்கிறது இவன் ஒருத்தன்தான், பார்த்துக்கோ."

பின்னால் டிங் டிங் என்று சத்தம் கேட்டது. அண்ணன் கண்ணாடி டம்ளரில் ஸ்பூனால் தட்டுகிறார். அண்ணியைக் கூப்பிட வேண்டுமென்றால் இப்போதெல்லாம் அப்படித்தான். "இதோ வரேங்க" என்று அண்ணி போனை வைத்தாள், இந்த முறை மெதுவாக.

தலைவிக்குச் சொந்தக் குடும்பம் என்று ஒன்று அமையவில்லை. அண்ணன் வீடுதான் வீடு. அந்த வீட்டுக்குள் அவள் போய் ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது அண்ணன் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவளுக்குத் தைரியம் வரவில்லை.

*

சங்கக் கட்டடத்தின் ஒலிப்பதிவு அறையில் ஏசியை நிறுத்திவிட்டார்கள். மைக்குக்கு அந்த உறுமல் ஆகாது. வளையல், வாட்ச், சாவிக்கொத்து எல்லாவற்றையும் வெளியே தட்டில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். குறுக்கே கனத்த நீலத் திரை. இந்தப் பக்கம் ஐந்து நாற்காலிகள், ஒரு மரப்பெட்டி, ஆளுக்கு ஒரு பை கேரம் காய்.

காய் எதற்கு என்கிறீர்களா? வெள்ளை என்றால் உள்ளே, கறுப்பு என்றால் வெளியே. ஒவ்வொரு குரலுக்கும் கையை மூடிக்கொண்டு பெட்டிக்குள் ஒரு காயைப் போட வேண்டும், யார் எதைப் போட்டார் என்று யாருக்கும் தெரியக் கூடாது. மூன்று வெள்ளை விழுந்தால் தேர்வு. விழுந்த காய் விழுந்ததுதான், பிறகு பேரம் கிடையாது. சங்கத்தின் பொழுதுபோக்கு அறையிலிருந்து அவள்தான் அந்தக் காய்களை எடுத்து வரச் சொன்னாள்.

பக்கத்து நாற்காலியில் துணைத் தலைவர். காலம் பூராவும் வில்லன்களுக்கே பேசிப் பழகிய குரல் அவருக்கு. டீ கேட்டால்கூட யாரையோ கடத்தப் போகிற மாதிரி இருக்கும். எல்லாரும் அவரை வில்லன் என்றுதான் கூப்பிடுவார்கள், அவரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் திரை விஷயத்தில் அவர் நிஜமாகவே வில்லன்தான். எப்போது அது அறுந்து விழும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

எல்லாருக்கும் ஒரே வசனம். மூடிய அறைக்கு வெளியே நின்று ஒரு அப்பா பேசுகிறார். பெண்கள் வந்தால் அம்மா.

"கதவைத் திற. நான் கோபப்பட வரல. ஒரு வார்த்தை பேசிட்டுப் போயிடறேன்."

முதல் மூன்று எண்களும் கத்தினார்கள். இளசுகளுக்கு அப்பா என்றாலே கத்தல்தான். நான்காம் எண் கத்தவில்லை. கொஞ்சம் கரகரத்த, சாதாரணமான குரல். 'ஒரு வார்த்தை' என்று வந்த இடத்தில் அது நின்றுவிட்டது. வார்த்தையைத் தேடி, கிடைக்காமல், பிறகு மெல்லத் தொடர்ந்தது. யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்துக்கொண்டே வெள்ளையைப் போட்டாள். ஐந்தும் வெள்ளை. இதற்காகத்தானே இத்தனை பேரோடு மல்லுக்கட்டினோம் என்று அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது.

அந்த நிறைவு மத்தியானம் வரைக்கும்தான்.

"பதினேழு" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு மூச்சு. மூக்கால் இழுத்து, ஒரு கணம் நெஞ்சில் நிறுத்தி, பிறகு...

"கதவைத் திற."

தலைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அண்ணன் குரல். அந்த மூச்சு, அந்த அடித்தொண்டை அதிர்வு, வாக்கியத்தின் கடைசி எழுத்தை லேசாகக் கீழே விடுகிற அந்த ஒயில் எல்லாம் அப்படியே இருந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், சந்தோஷத்தில் எழுந்து ஓடிப் போய்த் திரையை விலக்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அடுத்த கணமே அண்ணி சொன்னது ஞாபகம் வந்தது. அண்ணன் மகன்தான்!

அவளுக்கு வந்ததே கோபம்! பெற்றவனின் தொண்டையை அறுத்துப் போட்டிருக்கிறது, அந்தக் குரலை எடுத்து வேஷம் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறானே, படுபாவி! இது நடிப்பா? திருட்டு!

எழுந்து வெளியே போக வேண்டும். விதி அதுதான். அவள் நாற்காலியின் கையைப் பிடித்தாள். அப்போது பார்த்து வில்லன் மெல்லத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். இடியின் குரல் அவருக்கும்தான் தெரியுமே. உதட்டோரம் ஒரு சிரிப்பு. என்னம்மா, உங்க வீட்டுப் பிள்ளை வந்துட்டாரு போலிருக்கே என்று கேட்காமல் கேட்டது அந்தச் சிரிப்பு.

எழுந்தால் அவர் நினைத்தது சரியென்று ஆகிவிடும். அவள் எழவில்லை. நான் யாரென்று காட்டுகிறேன் பார் என்று வீம்பாக உட்கார்ந்திருந்தாள். கையை மூடிக் கறுப்பைப் போட்டாள்.

பெட்டியைத் திறந்தார்கள். இரண்டு வெள்ளை, மூன்று கறுப்பு.

*

சாயங்காலம் திரையை விலக்கினார்கள். தேர்வானவர்கள் மூன்று பேர்: நான்கு, ஒன்பது, இருபத்திரண்டு. எண்ணைச் சொல்லச் சொல்ல ஆட்கள் முன்னால் வந்து நின்றார்கள்.

நான்கு என்றதும் வந்து நின்றது அண்ணன் மகன்.

தலைவி அவனையே பார்த்தாள். அவன் சிரித்தான், கண் கலங்கியிருந்தது. அறையில் எல்லாரும் கை தட்டினார்கள். வில்லன்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

"வாழ்த்துகள் தலைவி. திரை நல்லாத்தான் வேலை செய்யுது."

அவளுக்கு அது உறைக்கவே இல்லை. இவன் நான்கென்றால் பதினேழு யார்?

வராந்தாவில் வேறொருவன் வந்து நின்றான். முப்பது தாண்டிய ஆள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, தோளில் ஒரு பை. தட்டிலிருந்து வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டு, தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

"மேடம், தப்பா நினைக்கலேன்னா ஒண்ணு கேட்கலாமா? நான் பதினேழு. எந்த இடத்துல தப்புப் பண்ணேன்?"

அவன் நடிக்கவில்லை. பேச்சே அப்படித்தான் இருந்தது. மூக்கால் மூச்சு, கடைசி எழுத்தில் அந்த இறக்கம். தலைவி சுவரில் கையை வைத்துக்கொண்டாள்.

"இந்த... இந்தக் குரல்..."

"எல்லாரும் கேட்பாங்க மேடம். இடி சாரோட குரல் மாதிரி இருக்குன்னு." அவன் வெட்கத்தோடு சிரித்தான். "இயற்கையாவே கொஞ்சம் அப்படித்தான். மத்தது அவர் பேசின படங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கத்துக்கிட்டது. எங்க மூச்சு எடுக்கிறார், எங்க விடறார்னு. அவரை நான் நேர்ல பார்த்ததே இல்ல. எங்க ஊர் பஸ் ஸ்டாண்ட்ல அறிவிப்புப் படிக்கிறேன். பஸ் வருது, பஸ் போகுது, அதான் என் வசனம்."

"அடுத்த தடவை..." என்று ஆரம்பித்தாள்.

"அடுத்த தடவை வர முடியாதே மேடம். வர்ற மாசம் முப்பத்தஞ்சு முடியுது. வயசு வரம்பு இருக்கில்ல?"

இருக்கிறது. திரைக்கு ஒப்புக்கொள்ள மூத்தவர்கள் கேட்ட விலை அந்த வயது வரம்பு. அவளும் சரி என்று தலையாட்டியிருந்தாள்.

"பரவாயில்ல மேடம். பேரு கேட்காம, யார் பிள்ளைன்னு கேட்காம, பேச்சை மட்டும் கேட்டீங்களே, அதுவே பெரிசு. தோத்தாலும் நியாயமாத் தோத்தேன்" என்றான் அவன்.

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவனுடைய போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனான்.

*

"அத்தை, வீட்டுக்கு வாங்க. இன்னிக்கு வரலேன்னா எப்பவும் வர மாட்டீங்க" என்று அண்ணன் மகன் காரில் ஏற்றிக்கொண்டான். வழியெல்லாம் வாய் ஓயவில்லை.

"அப்பா குரல்லதான் பேசணும்னு நினைச்சேன் அத்தை. பேசிப் பார்த்தா பாதியிலேயே அழுகை வந்துடுது. சரி போன்னு விட்டுட்டேன். நான் நானாவே பேசினேன். ராத்திரியெல்லாம் அழுது தொண்டை கட்டியிருந்துச்சு, உங்களுக்கே அடையாளம் தெரியல பாருங்க. அஞ்சும் வெள்ளையாமே! இடி மகன்னு தெரியாம அஞ்சு பேரு!"

"பதினேழு நீதான்னு நினைச்சேன்" என்றாள் அவள்.

"என்னது?"

சொன்னாள். எழாமல் உட்கார்ந்தது, வில்லனின் சிரிப்பு, கறுப்புக் காய், வயது வரம்பு எல்லாவற்றையும் சொன்னாள். சிக்னல் பச்சையாகிப் பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் அவன் வண்டியை எடுத்தான்.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டான். "வெளியில சொன்னா என்ன ஆகும்?"

"இன்னிக்கு நடந்தது மொத்தமும் செல்லாது. பதினஞ்சு நாளுக்குள்ள எல்லாரும் திரும்பப் பேசணும்."

"அவருக்கு அதுக்குள்ள வயசு தாண்டாதே."

"தாண்டாது. ஆனா பொதுக்குழு கூடும். வில்லன் சும்மா இருப்பாரா? தலைவியே ஏமாத்தினா திரை எதுக்குன்னு கேட்பார். திரையையும் எடுப்பாங்க, என்னையும் எடுப்பாங்க. வாரிசு இடம் திரும்ப வந்துடும்."

"அப்ப எனக்கு எப்படியும் இடம் கிடைக்கும். இடி மகனா." அவன் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான். "இன்னிக்கு ஒரு நாள்தான் அத்தை நான் நானா இருந்தேன்."

எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருத்தரின் வயிற்றில் அடிக்க வேண்டியிருந்தது. சொல்லாமல் விட்டால் அடி வாங்குகிறவன் கேட்க நாதியில்லாதவன். அதுதான் அவளை அறுத்தது.

*

அண்ணி வாசலிலேயே மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள். நாத்தனாரின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்டி. நீயும் உன் விதியும் நல்லா இருங்க! உள்ள போ, உங்க அண்ணன் காத்துக்கிட்டிருக்கார். டீ போட்டு எடுத்துட்டு வரேன்."

அண்ணன் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. பாதி உடம்பாகிவிட்டிருந்தார். பக்கத்து முக்காலியில் கண்ணாடி டம்ளர், ஸ்பூன்.

இந்த முறை அவர் முகத்தைத் திருப்பவில்லை. மகனின் தலையில் கை வைத்தார். பிறகு தங்கையைப் பார்த்து, வா என்று கையை நீட்டினார். அவள் போய்க் காலடியில் உட்கார்ந்ததும் உச்சந்தலையைத் தடவினார். உதடு அசைந்தது. சத்தமில்லாமல் 'பாப்பா' என்றது.

இதற்காக ஆறு மாதம் ஏங்கியிருந்தாள். கிடைத்த நேரத்தைப் பாருங்கள்! அவள் உடைந்து அழுதுவிட்டாள்.

"அண்ணா, தலையைத் தடவாதே. நான் அதுக்கு லாயக்கில்ல. இன்னிக்கு உன் குரலைக் கேட்டேண்ணா. அச்சு அசல் உன் குரல். உன்னை நேர்ல பார்த்தேயிராத ஒருத்தன், உன் படங்களைக் கேட்டே மூச்சு விடக் கத்துக்கிட்டிருக்கான். நான் அதை இவன்னு நினைச்சேன். எழுந்து போயிருக்கணும், போகல. கறுப்புப் போட்டேன். அவன் நம்பர் இந்தப் போன்லதான் இருக்கு, கூப்பிடத் தைரியம் வரல."

தலையிலிருந்த கை நின்றது.

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பழைய இடி மாதிரி இடித்திருந்தால் அவளும் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பாள். அவர் மகனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினான். பிறகு அவள் மடியிலிருந்த போனை விரலால் தொட்டார், ஒரு முறை, மறுபடி ஒரு முறை.

"வேண்டாம்ணா. அவன்கிட்ட சொல்லிட்டா அப்புறம் மறைக்க முடியாது. இவன் இடம் போயிடும்."

அவர் மகன் பக்கம் திரும்பினார். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "போடுங்க அத்தை" என்றான், யாருக்கும் கேட்காத மாதிரி.

அவள் நம்பரைப் போட்டு, அண்ணனுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். நாலைந்து தடவை மணி அடித்தது. பஸ் இரைச்சல். அதற்கு மேலே ஒரு மூச்சு, மூக்கால் இழுத்து நெஞ்சில் நிறுத்திய மூச்சு.

"ஹலோ... சொல்லுங்க."

அண்ணனின் கை நாற்காலியை இறுக்கிப் பிடித்தது.

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. ஈரக் கையோடு, முந்தானை நழுவுவதுகூடத் தெரியாமல் அண்ணி ஓடி வந்தாள். முகமெல்லாம் அப்படி ஒரு வெளிச்சம். அவள் வேறு யாரையும் பார்க்கவில்லை, நேராகப் புருஷனைத்தான் பார்த்தாள்.

"என்னங்க... பேசினீங்களா? என்னைக் கூப்பிட்டீங்களா?"

அண்ணன் மெல்லத் தலையை இட வலமாக ஆட்டினார். அண்ணியின் கண் முக்காலிக்குப் போயிற்று, டம்ளருக்குப் போயிற்று, கடைசியில் நாத்தனாரின் கையிலிருந்த போனில் வந்து நின்றது. அந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்ததைத் தலைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஹலோ, யாரு பேசறது? கேட்குதுங்களா? சொல்லுங்க" என்று கேட்டது அந்தக் குரல்.

அண்ணன் அவளைப் பார்த்தார். அவர் உதடும் சத்தமில்லாமல் அதையேதான் சொன்னது: 'சொல்லு.'

தலைவி போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.